எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுத முடியவில்லை: என்னை மட்டும் தடுத்தார்களா?

இல்லை, உங்களை மட்டும் தடுத்திருக்க முடியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவரின் வாயை மட்டும் அடைக்கும் வசதி அட்மினுக்குக் கிடையாது. ஒன்று, ஆளை நீக்கலாம். இல்லையென்றால் அட்மின்கள் தவிர எல்லோரையும் நிறுத்தலாம். (டெலிகிராமில் தனி ஆளைத் தடுக்க முடியும். அந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு.)

தேர்தல் பற்றி நீங்கள் கருத்துப் போட்டதும் வாக்குவாதம் முற்றியது என்கிறீர்கள். அதனால் 'அட்மின்கள் மட்டும் அனுப்பலாம்' என்ற அமைப்பை மாற்றியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

உறுதிசெய்ய இதைப் பாருங்கள்:

1. தட்டச்சு செய்யும் இடத்தில் அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று வந்தால், எல்லோருக்கும் அதே நிலைதான்.
2. நீங்கள் இனி உறுப்பினர் இல்லை என்று வந்தால் நீக்கிவிட்டார்கள்.
3. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இது எல்லாவற்றையும்விட வேகமானது.

ஒன்று கவனிக்க வேண்டும். குழுவை 'கம்யூனிட்டி'யில் (பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வாட்ஸ்அப் வசதி) சேர்த்திருந்தால், நீங்கள் திறந்திருப்பது அறிவிப்புக் குழுவாக இருக்கலாம். அங்கே புதிய அறிவிப்பை அட்மின்கள்தான் போட முடியும். பழைய குழு அதே கம்யூனிட்டிக்குள் தனியாக இருக்கும், தேடிப் பாருங்கள்.

முதல் நிலைதான் என்றால் அட்மினுக்குத் தனியாக எழுதுங்கள், ஆனால் தேர்தல் பேச்சைத் தொடராதீர்கள். லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டாலும் குழுவில் சொல்ல வழியில்லை என்பதைச் சொல்லுங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. அரசியல் பேச விரும்புகிறவர்களுக்குத் தனிக் குழு வைத்துவிட்டு, இதைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள்.