சுரைப்பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தை ஓரமாக வையுங்கள். மாடித்தோட்டத்துச் சுரைக்கொடியில் பூ நிறைய இருந்தும் பிஞ்சு நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும்; அந்நேரத்தில் தேனீ வருவது குறைவு. அந்துப்பூச்சி வரவேண்டும், மூன்றாவது மாடிக்கு அது எங்கே வருகிறது!

சரி, நாமே செய்துவிடலாம். அடியில் குட்டிச் சுரைக்காய் போல இருப்பது பெண்பூ, வெறும் காம்பில் நிற்பது ஆண்பூ. விளக்கு வைக்கும் நேரத்தில் ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். விரலில் மஞ்சள் பொடி ஒட்டவேண்டும். பிடித்துக்கொண்டால் ஒரு வாரத்தில் பிஞ்சு பருத்துத் தொங்கும்.

பிஞ்சில் ஊசி குத்தியது போலப் புள்ளியும் பிசினும் தெரிந்தால் அது பழ ஈ. அந்தப் பிஞ்சைப் பறித்து அழித்துவிட்டு, மற்ற பிஞ்சுகளுக்குக் காகித உறை போடுங்கள்.