‘கேஷ்’ நம் காசுதானா? கேள்வி பதில்

மதுரையிலிருந்து ஒருவர்: ‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் ‘காசு’தான் என்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஆங்கிலத்தில் ‘கேஷ்’ இரண்டு உண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறப்பு வேறு.

கடையில் ‘கேஷா, கார்டா?’ என்று கேட்கிறார்களே, அந்த கேஷ் லத்தீன் ‘காப்சா’ வழி வந்தது. காப்சா என்றால் பெட்டி. அது இத்தாலிய மொழியில் ‘காஸ்ஸா’ ஆனது. பிரெஞ்சு வழியாகவோ இத்தாலிய வழியாகவோ 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. நாளடைவில் பெட்டி உதிர்ந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றது. நம்மிடமும் இது நடந்திருக்கிறது. கல்லா என்பது பெட்டி. ஆனால் ராத்திரி கடை சாத்தும்போது ‘இன்னிக்குக் கல்லா எவ்வளவு?’ என்றால், கேட்பது அன்றைய வசூலை.

இரண்டாவது கேஷ் ஒரு நாணயத்தின் பெயர். அது நம் காசு. போர்த்துகீசியர் இந்தக் கரைக்கு வந்து காசு என்ற சொல்லைக் கேட்டு, ‘கைஷா’ என்று தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் எடுத்தார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசையும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே சொல்கிறார்கள். சீனர்கள் அதை அப்படிச் சொன்னதே இல்லை. தமிழ்ச் சொல் கப்பலேறிப் போய் இன்னொரு நாட்டு நாணயத்துக்குப் பெயராக நிற்கிறது. எனக்குப் பெருமை அதில்தான்.

சேலம்: முந்திரிக்குச் சொல்லும் ‘கேஷ்யூ’வும் இதிலிருந்து வந்ததா?

இல்லை. அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல், போர்த்துகீசியர் கொண்டுவந்தது. ஒலி ஒத்தால் உறவு என்று நினைக்காதீர்கள்.

ஈரோடு: கணினியில் வரும் ‘கேஷ்’ எழுத்துக்கூட்டலில் வேறாக இருக்கிறதே?

அது வேறு சொல். பணம் என்றால் சி, ஏ, எஸ், எச். கணினியில் இருப்பது சி, ஏ, சி, எச், இ. ‘ஒளித்து வை’ என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. கடைசி இ எழுத்துக்கு ஒலி இல்லை என்பதால் இரண்டும் காதில் ஒன்றாக விழும். தமிழில் எழுதும்போது ஷ போடத் தயங்கி ‘கேஸ்’ என்று எழுதிவிடாதீர்கள். படிப்பவர் வழக்கு என்றோ சிலிண்டர் என்றோ எடுத்துக்கொள்வார்.

தஞ்சாவூர்: ராணுவ அதிகாரியை ‘கேஷியர்’ செய்தார்கள் என்று படித்தேன். பணம் எண்ண விட்டார்களா?

பதவியைப் பறித்து வெளியேற்றினார்கள் என்று பொருள். ‘ரத்து செய்’ என்ற பிரெஞ்சு வினை, டச்சு வழியாக வந்தது. வங்கியில் உட்கார்ந்திருப்பவரோ பெட்டிக்காரர். இருவருக்கும் உறவில்லை.

கடலூர்: கேஷ் காசிலிருந்துதானே வந்தது?

முதல் பதிலைப் பாருங்கள்.

திருச்சி: முதல் பதிலை ஏற்க மாட்டேன். 7-ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் திருவீழிமிழலையில் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடிவிட்டார். ஆங்கிலச் சொல்லுக்கு நானூறு சொச்சம் ஆண்டுதான். பழையதுதானே மூலம்?

நல்ல சான்று. வாசி என்பது தரம் குறைந்த காசை மாற்றும்போது கழிக்கும் தொகை. காசின் தரத்தைப் பார்த்து வாங்கும் பழக்கமே அப்போது இருந்தது என்று அந்த ஒரு வரி காட்டுகிறது. காசின் வயதை நான் மறுக்கவில்லை. ஆனால் வயது போதாது, வந்த வழியும் வேண்டும். காசிலிருந்து வந்திருந்தால் ஆங்கிலத்தில் முதல் பொருள் நாணயமாக இருக்கவேண்டும். பெட்டி எங்கிருந்து வந்தது?

திருச்சி, மறுபடி: போர்த்துகீசியர் வாயில் இரண்டும் கலந்திருக்கலாமே?

சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் ‘கைஷா’தான். காசு அந்த உருவத்தை எடுத்ததற்கே அதுதான் காரணமாக இருக்கும். ஆனால் பெட்டிச் சொல் ஆங்கிலத்துக்குள் வர நம் கரையைத் தொடத் தேவையே இருக்கவில்லை. இத்தாலிய வணிகர்களின் பேரேட்டில் கையிருப்புப் பணத்தின் கணக்குக்கே ‘காஸ்ஸா’ என்று பெயர். சொல்லின் வழியைக் கணக்குப் புத்தகத்தில் தேடுங்கள், காதில் தேடாதீர்கள்.

வேலூர்: அப்படியானால் காசு என்ற பொருளில் ஆங்கிலேயர் கேஷ் என்று எங்கே எழுதினார்கள்?

நாணயத்திலேயே. என் மேசையில் ஒன்று இருக்கிறது. 1808 என்று பொறித்த செப்புக்காசு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் 20, பக்கத்தில் கேஷ். பர்மிங்காமில் மேத்யூ போல்டனின் பட்டறையில் அடித்தது. விளிம்பு உப்பு அரித்து ரம்பம் மாதிரி இருக்கிறது. சென்னைக்கு இதை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்டனர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோரம் குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போனது. 1980-களில்தான் முக்குளித்து எடுத்தார்கள். அன்றைய சென்னைக் கணக்கு: 80 காசு ஒரு ‘பணம்’ (அதுவும் ஒரு நாணயம்), 42 பணம் ஒரு வராகன் என்ற பொற்காசு. 1818-இல் ரூபாய் வந்தபிறகு அந்தக் கணக்கு போயிற்று.

அம்பத்தூர்: காசுதானே கேஷ் ஆனது?

மூன்றாவது தடவை. மேலே இருக்கிறது.

நாகர்கோவில்: பாட்டியின் மரப்பெட்டியில் சங்கு போட்ட சின்னச் செப்புக்காசு கிடைத்தது. ‘ஒரு கேஷ்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது.

திருவிதாங்கூர்க் காசு. உங்கள் ஊர் அப்போது அந்த சமஸ்தானத்தில்தான். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். ஆக ரூபாய்க்கு 448 காசு. அதில் இருக்கும் கேஷ் நம் காசேதான். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், மெருகு போய்விடும்.