பதினேழு வயதில் இருபத்தொரு கிலோமீட்டர் எதற்கு?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள், பதினேழு வயது. 3,000 மீட்டர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தாள். இனி ஓட்டம்தான் என் தொழில் என்கிறாள். மலைக்காற்றில் வளர்ந்தவள், கென்யாக்காரர்களைப் போல வருவாள் என்று பயிற்சியாளரும் சொல்கிறார். அடுத்த மாதம் கோவையில் நடக்கும் 21 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம்; பரிசுத் தொகை பெரிது. ஓட்டம் சோறு போடுமா? பெண் பிள்ளை என்பதாலும் தயக்கமாக இருக்கிறது.
– வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: சோறு போடும். ஆனால் பதினேழு வயதில் போடாது. உங்கள் கேள்வியைவிட, நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த 21 கிலோமீட்டர்தான் என்னைக் கோபப்படுத்தியது. 20 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான உலகத் தடகளப் போட்டியில்கூடப் பெண்களுக்கான மிக நீண்ட ஓட்டம் 5,000 மீட்டர்தான். அதைப்போல நான்கு மடங்கு தூரத்தைத் தார்ச்சாலையில் ஓடச் சொல்கிறீர்கள். எதற்கு? ஒரு பரிசுக் காசோலைக்கு.

தொலைதூர ஓட்டத்தில் உடம்பு மெதுவாகத்தான் பழுக்கும். லலிதா பாபரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், தண்ணீருக்குத் தவிக்கும் பகுதியிலிருந்து வந்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிச் சுற்றுக்குப் போய்ப் பத்தாவதாக வந்தார். 1984-இல் பி.டி. உஷா இறுதிச் சுற்றில் ஓடிய பிறகு, ஓடுதடத்தில் தனிநபர் ஓட்டம் ஒன்றில் அந்த இடத்தை எட்டிய அடுத்த இந்தியப் பெண் அவர்தான். அப்போது அவருக்கு 27 வயது. பாருல் சவுத்ரி 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 5,000 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு 28. உங்கள் மகளின் நல்ல காலம் வருவதற்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்து ஆண்டுகளையும் யார் தாங்குவது என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

நம் நாட்டில் ஓட்டக்காரருக்குச் சோறு போடுவது பெரும்பாலும் பரிசுப் பணம் அல்ல, வேலை: ராணுவம், ரயில்வே, காவல்துறை. பாருல் அந்தக் கடைசி மீட்டர்களில் ஜப்பான் வீராங்கனையை முந்தியபோது, தங்கம் வென்றால் உத்தரப் பிரதேசக் காவல்துறையில் டி.எஸ்.பி. பதவி கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓடியதாகச் சொன்னார். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. இந்தத் தொழிலின் நிலவரம் அதுதான். இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 18 முதல் 25. உச்சம் வருவது 27-இல். கதவு மூடுவது 25-இல். ஆகவே 18-க்கும் 25-க்கும் இடையில் அவள் கையில் சான்றிதழ்கள் சேர வேண்டும். அவையும் அங்கீகாரம் பெற்ற சங்கங்கள் நடத்தும் மாநில, தேசியப் போட்டிகளின் சான்றிதழ்களாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைச் சாலை ஓட்டங்களில் கழுத்தில் போடும் பதக்கத்தை எந்தத் தேர்வுக் குழுவும் எடுத்துப் பார்க்காது. தமிழ்நாடு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கும் பட்டப்படிப்பு கைகொடுக்கும். கல்லூரியில் சேர்த்துவிடுங்கள். ஓட்டமா படிப்பா என்று அவளை நிறுத்திக் கேட்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், கட்டபெட்டுப் பக்கம். வாரம் தவறாமல் மலையிறங்கிப் போய்ப் பரிசோடு வருவான். வீட்டுக்கும் அந்தப் பணம் தேவைப்பட்டது, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பத்தொன்பது வயதில் முழங்காலுக்குக் கீழே எலும்பில் கீறல். ஆறாத எலும்போடு மறுபடி ஓடினான். இப்போது வாடகை ஜீப் ஓட்டுகிறான். மாநிலப் போட்டி ஒன்றில்கூட அவன் பெயர் பதிவாகவில்லை.

பெண் பிள்ளைக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். அப்பாக்கள் பேசத் தயங்கும் விஷயம் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சொல்லிச் சாப்பாட்டைக் குறைக்க வைக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. ஓடும் அளவுக்கு உணவு போதாவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நின்றே போகும். கடும் பயிற்சியில் அது சகஜம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலும்பு பலவீனமாகிறது என்பதற்கான எச்சரிக்கை அது. அவளுடைய அம்மா கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் இரும்புச் சத்தையும் பரிசோதித்துவிடுங்கள். இரும்புச் சத்து குறைந்த உடம்புக்கு மலை உயரத்தால் எந்தப் பயனும் இல்லை. உயரத்தின் பலனே ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடுவதுதான்; அவற்றை உண்டாக்க இரும்புதான் மூலப்பொருள்.

அந்தக் கென்யா கதைக்கு வருகிறேன். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். கென்யாவில் ஓட்டக்காரர்களுக்குப் பேர்போன ஊரான இட்டென் 2,400. கோத்தகிரி இன்னும் தாழ்வு, 1,800-க்கும் சற்றுக் குறைவு. உயரம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் மெல்லிய காற்றில் முழு வேகத்தில் ஓட முடியாது. அதனால்தான் மேலே தங்கி, வேகப் பயிற்சிக்குக் கீழே இறங்கு என்கிறார்கள் விளையாட்டு மருத்துவர்கள். உங்களுக்கு அதற்கு மேட்டுப்பாளையம் பஸ் போதும். இப்படி ஒரு வசதியை வாசலில் வைத்துக்கொண்டு நாம் காற்றைப் பற்றிப் பெருமை பேசுகிறோம். எல். சூர்யா புதுக்கோட்டைக்காரர், மலைக்காற்றே இல்லாத வெயில் பூமி. 2016 தெற்காசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் அவருக்குத்தான்.

பயிற்சியாளர் ஊசியோ, பெயர் ஒட்டாத மாவு டப்பாவோ கொடுத்தால் அன்றே அவரை விட்டு விலகுங்கள். 2023-இல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 213-இல் ஊக்கமருந்து இருந்தது. தெரியாமல் குடித்தேன் என்று சொன்னாலும் தண்டனை ஓடியவருக்குத்தான்.

பெண் பிள்ளை என்ற தயக்கத்தைப் பற்றி ஒன்று. 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்து விழுந்தார்கள் என்று சொல்லி அந்த ஓட்டத்தையே நீக்கிவிட்டார்கள். திரும்ப வர 1960 ஆயிற்று. பெண்களுக்கு மாரத்தான் 1984-இல்தான் வந்தது. அவர்களால் முடியவில்லை என்பதால் அல்ல, உங்களைப் போலவே அன்று பலர் தயங்கியதால்தான் இத்தனை தாமதம். விடியற்காலை இருட்டில் தேயிலைத் தோட்டச் சாலையில் அவள் தனியாக ஓடுகிறாள் என்ற பயம் நியாயமானது. காட்டெருமையும் கரடியும் நடமாடும் ஊர் நம்முடையது. அதற்கு வழி அவளை நிறுத்துவது அல்ல. வெளிச்சம் வந்த பிறகு ஓடச் சொல்லுங்கள், முடிந்த நாட்களில் பின்னால் சைக்கிளில் போங்கள்.

கோவைப் போட்டிக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்காது. போகட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் தூங்கட்டும்.