டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி தெரிகிறது, எதை நம்புவது?

கேட்டவரின் சிக்கல் இதுதான்: காரில் எஞ்சின் ஆயில் மாற்றி இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை நாலு முறை உருவினால் நாலு அளவு வருகிறது. ஒரு பக்கம் அதிகபட்ச அளவைக் காட்டும் மேல்கோட்டைத் தாண்டி நனைந்திருக்கிறது, திருப்பினால் பாதிகூட இல்லை.

குறைவாகக் காட்டும் பக்கத்தை நம்புங்கள். அதையும் காலையில், வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பாருங்கள். அவசரமாக வந்தவர்களுக்கு இது போதும். ஆனால் காரணம் தெரியாவிட்டால் அடுத்த முறையும் இதே சந்தேகம் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கார் வாங்கிய புதிதில், ஒரு நீண்ட பயணம் முடிந்து வந்த கையோடு பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஸ்டிக்கின் நுனியில்தான் கொஞ்சம் ஆயில் இருந்தது, கீழ்க்கோட்டைக்கூடத் தொடவில்லை. பயந்துபோய், டிக்கியில் இருந்த ஒரு லிட்டர் டப்பாவை அப்படியே கவிழ்த்துவிட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் மேல்கோட்டுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் நிற்கிறது! மெக்கானிக் வந்து, ஸ்டிக் இறங்கும் குழாய்க்குள் மெல்லிய ரப்பர் ட்யூபை விட்டு, ஒரு பெரிய சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சி எடுத்தார். உண்மையில் என் வண்டியில் ஆயில் குறையவே இல்லை. எஞ்சின் ஓடும்போது பம்ப் ஆயிலை எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வரை ஏற்றிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் அது வழிந்து, அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்புக்குத் திரும்பச் சில நிமிடங்கள் வேண்டும். நான் அந்த நிமிடங்களைக் கொடுக்கவில்லை.

சரி, இரண்டு பக்கமும் ஏன் ஒத்துவருவதில்லை? ஸ்டிக் போகும் குழாய் பெரும்பாலும் நேராக இருக்காது, வளைந்துதான் இறங்கும். குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலில் ஸ்டிக் உரசிக்கொண்டே வெளியே வருகிறது. உரசிய பக்கம் நீளமாக ஒரு தீற்றல் விழுகிறது. அந்தத் தீற்றலைத்தான் நாம் அளவு என்று நினைத்துக்கொள்கிறோம். ஸ்டிக்கின் முழு அகலத்துக்கும், இரண்டு பக்கமும், இடைவெளி இல்லாமல் ஆயில் எங்கே முடிகிறதோ அதுதான் நிஜமான மட்டம். ஓரத்தில் மட்டும் கோடு போல ஏறியிருப்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் உண்டு. சில வண்டிகளில் குழாயின் வாயை ஸ்டிக்கின் பிடி இறுக்கமாக அடைத்துவிடும். உள்ளே சிக்கிய காற்றின் அழுத்தத்தால் குழாய்க்குள் இருக்கும் ஆயில் மட்டமும் சம்ப்பில் இருக்கும் மட்டமும் வேறுபடலாம். அதனால் உருவித் துடைத்தவுடன் திரும்பச் செருகாமல் ஒரு நிமிடம் வெளியிலேயே வைத்திருங்கள். அப்புறம் பிடி உட்காரும் வரை முழுதாக அழுத்திச் செருகி, நேராக ஒரே இழுப்பில் எடுங்கள்.

புது ஆயிலின் தொல்லை தனி. தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும், பளபளக்கும் ஸ்டிக்கில் எங்கே முடிகிறது என்றே தெரியாது. மொபைல் வெளிச்சத்தை நேராக அடித்தால் இன்னும் மோசம், உலோகம்தான் மின்னும். நான் கண்டுபிடித்த வழி: ஸ்டிக்கை ஒரு வெள்ளை டிஷ்யூ காகிதத்தின் மேல் படுக்க வைத்து லேசாக அழுத்துவேன். ஈரம் ஊறிய இடம் வரைக்கும்தான் ஆயில், ஊறாத இடம் வெறும் மினுமினுப்பு. உடனே பார்த்துவிட வேண்டும், விட்டால் ஈரம் பரவிவிடும். ஸ்டிக்கை எடுக்கும்போது நுனியை மேல்நோக்கிப் பிடிக்கவே கூடாது, ஆயில் கீழே ஓடிவந்து எல்லாமே தப்பாகிவிடும்.

சூடாகப் பார்க்க வேண்டுமா, ஆறியபின் பார்க்க வேண்டுமா என்பதற்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்வதே முடிவு. சில கையேடுகள் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்க்கச் சொல்கின்றன. சூட்டில் ஆயில் விரியும் என்பது உண்மைதான். நாலு லிட்டர் ஆயில் 20 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய 200 மில்லி கூடும். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே சுமார் ஒரு லிட்டர்தான் என்பதால், அதில் ஐந்தில் ஒரு பங்கு இது. ஆகவே எந்த முறையைப் பிடித்தாலும் ஒவ்வொரு தடவையும் அதே முறை, அதே சமதளம். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நின்றாலே அளவு மாறும்.

ஸ்டிக்கே இல்லாத கார்களும் வந்துவிட்டன, பிஎம்டபிள்யூவின் பல மாடல்கள் அப்படித்தான். திரையில் காட்டுவதை நம்ப வேண்டியிருக்கிறது. எனக்கு இது பிடிக்கவில்லை. கையில் எடுத்துப் பார்க்கும்போது அளவு மட்டுமல்ல, ஆயிலின் மணமும் தெரியும். ஊற்றாமலே மட்டம் ஏறி, டீசல் வாடையும் அடித்தால் எரிபொருள் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம். வெளிறிய பழுப்பாகக் குழம்பி இருந்தால் தண்ணீரோ கூலண்டோ சேர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் மெக்கானிக்கிடம் போக வேண்டும். கறுப்பாக இருப்பதை வைத்து மட்டும் பயப்படாதீர்கள், டீசல் எஞ்சினில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும்.

டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்கிறேன் என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருக்கும். அது அளவைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிறுத்த வேண்டும். சர்வீஸில் பார்த்துக்கொள்வார்கள் என்பதும் சரிப்படாது. 1000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவதை இயல்பு என்றே எழுதும் கையேடுகள் இருக்கின்றன. அந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர், பல எஞ்சின்களின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவு இல்லை.

குறைந்திருந்தால் கால் லிட்டர் ஊற்றி, பத்து நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருந்தாலே போதும், மேல்கோட்டைத் தொட வேண்டும் என்று பாடுபடாதீர்கள். அளவுக்கு மேல் போனால், எஞ்சினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க் சுற்றும்போது ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், பம்ப் அந்த நுரையைத்தான் இழுக்கும்.

உங்கள் விஷயத்தில், இன்றைக்கு எதையும் ஊற்ற வேண்டாம். தொடர்ந்து மூன்று நாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பார்த்து, குறைந்த பக்கத்தின் அளவைத் தேதியோடு எழுதி வையுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும் என்று நினைக்கிறேன். வராவிட்டால் வண்டி நிற்கும் இடத்தின் சரிவைப் பாருங்கள், அதுவும் சரியாக இருந்தால் அந்த மூன்று அளவுகளையும் இங்கே எழுதுங்கள்.