ரெண்டு சார்க்கோல் கிரேயில் எது? பெயிண்ட் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அண்ணா, படுக்கையறையில் ஒரு சுவருக்கு மட்டும் சார்க்கோல் கிரே அடிக்கணும். ஷேடு கார்டில் ரெண்டு ஷேடு பிடிச்சிருக்கு, ஆனா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

பதில்: கார்டில் அப்படித்தாம்மா தெரியும். ரெண்டுக்கும் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பாருங்க. ஒன்றில் நீலம் எட்டிப் பார்க்கும், மற்றதில் பழுப்பு. 6500 கெல்வின் வெள்ளை பல்பில் நீலம் ஓடுகிற கிரே இன்னும் நீலமாகும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் அதே சுவர் உயிரில்லாத கருப்பாக அடங்கிவிடும். தேக்குக் கட்டில் இருந்தால் என் ஓட்டு பழுப்புக்குத்தான்.

ஒருமுறை கடையின் டியூப்லைட்டில் பார்த்து நானே ஒரு ஷேடைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். அடித்து முடித்த ராத்திரி அந்த வீட்டுப் பாட்டி கேட்டாங்க: "ஏம்ப்பா, வாத்தியார் எப்ப வருவாரு?" கரும்பலகை மாதிரியே இருந்தது! அன்றிலிருந்து சாம்பிள் பார்க்காமல் பிரஷ்ஷைத் தொடுவதில்லை. சின்ன டப்பா வாங்கி, ரெண்டு சார்ட் பேப்பரில் ரெண்டு கோட் அடித்து, நன்றாகக் காய்ந்ததும் அந்தச் சுவரிலேயே ஒட்டுங்க. காலையில் ஒருதரம், விளக்குப் போட்டு ஒருதரம் பாருங்க.

கேள்வி: அமெரிக்காவில் டாலஸில் இருக்கோம், அறைக்கு வடக்கே மட்டும்தான் ஜன்னல். ஷெர்வின் வில்லியம்ஸ் கம்பெனி பெயிண்டில் பெப்பர்கார்ன் ஷேடா, அயர்ன் ஓர் ஷேடா? எல்ஆர்வி 10, 6 என்று போட்டிருக்கு. நாலு புள்ளிதானே சார்?

பதில்: எல்ஆர்வி என்பது சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்ற கணக்கு, 0 முழுக் கருப்பு, 100 முழு வெள்ளை. 70-க்கும் 74-க்கும் நடுவே நாலு புள்ளி ஒன்றுமில்லை. அடிமட்டத்தில் அப்படியில்லை, 6-ஐ விட 10 ஒன்றரை மடங்குக்கும் மேல். வடக்கே மட்டும் ஜன்னல் உள்ள அறைக்குள் அங்கே நேர்வெயில் அநேகமாக வராது. அதற்கு பெப்பர்கார்ன். அயர்ன் ஓர் ராத்திரியில் கருப்பேதான்.

கேள்வி: மேட்டா, பளபளப்பா?

பதில்: மேட். பளபளப்பு அடித்தால் பட்டி பார்த்தவரின் குறையெல்லாம் சுவரில் தெரியும். ஆனால் மேட்டில் கை உரசினாலே வெளுப்பாகக் கோடு விழும், குழந்தைகள் இருந்தால் யோசிங்க.

கேள்வி: ரெண்டு கோட் போதும்னு பெயிண்டர் சொல்றார்.

பதில்: வெள்ளை பிரைமர் மேலேயா? மூணு ஆகும். அடர் ஷேடுக்கான பேஸில், அதாவது நிறம் கலப்பதற்கு முந்தைய பெயிண்டில், வெள்ளை நிறமி குறைவு, அதனால் மூடும் சக்தியும் குறைவு. பிரைமரையே கிரே கலந்து அடிக்கச் சொல்லுங்க, ஒரு கோட் மிச்சம். ரெண்டு டப்பா வாங்கினால் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்க. இல்லையென்றால் சுவர் நடுவில் ஷேடு மாறும்.