165,000 ரூபாய் சம்பளமும் 70,000 ரூபாய் அடிப்படையும்

கேள்வி: புறக்கோட்டையில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 4 வருடமும் 8 மாதமும் வேலை செய்கிறேன். மொத்தம் நாற்பது பேர் வரை இருக்கிறோம். அடிப்படைச் சம்பளம் 120,000 ரூபாய். போக்குவரத்துக் கொடுப்பனவு 10,000. இப்போது ராஜகிரியவில் ஒரு நிறுவனம் 165,000 தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. அதில் அடிப்படை 70,000. மிகுதி 95,000 கொடுப்பனவுகள். அவற்றுள் 40,000 ‘இலக்கை எட்டினால்’ கிடைக்கும் ஊக்குவிப்பு. ஊழியர் சேமலாப நிதி அடிப்படைக்கு மட்டும்தானாம். அடுத்த மாதமே சேரச் சொல்கிறார்கள். முன்பு அனுப்பிய பல விண்ணப்பங்களுக்குப் பதிலே வராததால் இதையும் விட்டுவிடப் பயமாக இருக்கிறது. போகலாமா? – வாசகி, வெள்ளவத்தை

பதில்: போகலாம் சகோதரி. ஆனால் அடுத்த மாதமே வேண்டாம். இந்தக் கடிதத்தை இப்படியே ஏற்றுக்கொண்டும் வேண்டாம்.

முதலில், உங்கள் கேள்வியில் நீங்கள் கவனிக்காமலே எழுதியிருக்கும் ‘4 வருடமும் 8 மாதமும்’. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்குப் பணிக்கொடை, அதாவது விலகும்போது நிறுவனம் சேவைக்காகத் தரும் தொகை, உண்டு. தாமாக விலகினாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு, நிறைவு செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். உங்களுக்கு 60,000 ரூபாய் வீதம் ஐந்து வருடத்துக்கு 300,000. இன்று விலகினால் ஒரு சதமும் இல்லை. தகுதிகாண் காலமும் சேவைக் காலத்தில் அடங்கும். எனவே நியமனக் கடிதத்தில் நீங்கள் சேர்ந்த திகதியைத் தேடிப் பாருங்கள். அன்றிலிருந்து ஐந்து வருடம் நிறைந்த பிறகே விலகல் கடிதத்தைக் கையளியுங்கள். அதுவரை அலுவலகத்தில் யாரிடமும், மதியம் பக்கத்தில் இருந்து சாப்பிடுபவரிடமும்கூட, வாய் திறக்க வேண்டாம்.

இனி அந்த 165,000. இப்போது உங்கள் சம்பளத்தில் 8 வீதமாக 9,600 ரூபாய் சேமலாப நிதிக்குக் கழிகிறது. நிறுவனம் தன் பங்காக 12 வீதம், அதாவது 14,400 போடுகிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 3,600. ஆக மாதம் 27,600 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. புதிய இடத்தில் அடிப்படை 70,000 என்பதால் இந்தச் சேமிப்பு 16,100 ஆகச் சுருங்கும். அதில் உங்கள் பங்கான 8 வீதக் கழிவு குறைவதால் 4,000 மட்டும் கைக்குத் திரும்பும். அத்துடன் 2025 ஏப்ரல் முதல் மாதம் 150,000 ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்துக்கே வரி என்பதால், இதுவரை வரி கட்டாத நீங்கள் மேலதிகமான 15,000க்கு 6 வீதமாக 900 ரூபாய் கட்டுவீர்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், கடிதத்தில் 35,000 ஆகத் தெரியும் உயர்வு உண்மையில் 26,600தான்.

அதுவும் இலக்கை எட்டும் மாதத்தில். எட்டாத மாதத்தில் உங்கள் மொத்தச் சம்பளம் 125,000. கைக்கு வருவது 119,400. இப்போது 120,400 வாங்குகிறீர்கள்! சேமிப்புக் குறைவையும் சேர்த்தால் அந்த மாதத்தில் 12,500 ரூபாய் நட்டம். கணக்கு எழுதும் ஒருவருக்கு என்ன இலக்கு வைப்பார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அது. அடுத்த ஐந்து வருடப் பணிக்கொடையும் அந்த 70,000ஐ வைத்தே கணிக்கப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே மனிதவளப் பிரிவுக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டே கோரிக்கை போதும். ஒன்று, 165,000ஐ உயர்த்தச் சொல்ல வேண்டாம். ஊக்குவிப்பின் 40,000ஐ அடிப்படையில் சேர்த்து 110,000 ஆக்கச் சொல்லுங்கள். மற்றது, சேரும் திகதி. முன்னறிவித்தல் ஒரு மாதம் என்று வைத்தால் இன்னும் ஐந்து மாதம் ஆகும். அவ்வளவு காலம் பல நிறுவனங்கள் காத்திருக்க மாட்டா. அவசரம் என்றால் இழக்கப்போகும் பணிக்கொடையைச் சேரும்போதே ஒரே தொகையாக ஈடுசெய்வீர்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. இரண்டுக்கும் மறுத்தால் விட்டுவிடுங்கள்: எல்லா மாதமும் இலக்கை எட்டினாலும் அந்த ஐந்து மாதத்தில் கிடைக்கும் மேலதிகம் 133,000, காத்திருந்தால் 300,000.

விண்ணப்பங்களுக்குப் பதில் வராததற்குக் காரணம் உங்கள் தகுதி அல்ல என்றே நினைக்கிறேன். நம்மவர்களின் சுயவிபரக் கோவை பெரும்பாலும் தகப்பன் பெயர், மதம், அடையாள அட்டை இலக்கம் என்று தொடங்கி, வேலை பற்றிய பகுதியில் ‘கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன்’ என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. அடையாள அட்டை இலக்கம் நேர்முகத்துக்கு முன்பு யாருக்கும் தேவையில்லை, எடுத்துவிடுங்கள். அந்த ஒற்றை வரியை உடைத்து எழுதுங்கள்: எத்தனை வங்கிக் கணக்குகளை மாத முடிவில் ஒப்பிட்டுச் சரிபார்க்கிறீர்கள், எல்.சி. (இறக்குமதிக்கு வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) ஆவணங்களைத் தயாரிப்பது நீங்களா, பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியில் 18 வீதமானபோது விலைப்பட்டியல்களை மாற்றியது யார். சிங்களத்தில் வங்கியோடும் சுங்கத்தோடும் பேசிக் காரியம் முடிப்பீர்கள் என்றால் அதை மொழிகள் என்ற மூலையில் ஒளிக்காமல் மேலே எழுதுங்கள். கொழும்பில் மூன்று மொழியிலும் வேலை செய்யத் தெரிந்த கணக்காளருக்குத் தனி மதிப்பு.

எங்கே மாறினாலும் மூன்று மாதச் செலவுக்குப் பணம் கையில் இருக்கட்டும். வேலையிலிருந்து நிறுத்தப்படுவதற்கு எதிராக 1971ஆம் ஆண்டின் வேலை முடிவுறுத்தல் சட்டம் தரும் பாதுகாப்பு, ஒரே தொழில்தருநரிடம் 180 நாள்களேனும் வேலை செய்யாதவருக்குக் கிடையாது.

காத்திருக்கும் நாள்களில் இன்னொரு வேலை. இதுவரை கழித்த சேமலாப நிதிப் பணம் மாதம் தவறாமல் கட்டப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கணக்குக் கூற்றைப் பாருங்கள். விடுபட்ட மாதம் இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் நாரஹேன்பிட்டவில் உள்ள தொழில் திணைக்களத்துக்குச் சம்பளச் சீட்டுகளோடு போங்கள்.