ஐந்தரை ஏக்கர் இருக்கிறது. டேட்டா சென்டருக்கு ஆகுமா?

கேள்வி: திருப்போரூர் அருகே எங்கள் குடும்பத்துக்கு ஐந்தரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. டேட்டா சென்டர் கட்டப் பெரிய கம்பெனிகள் இடம் தேடுவதாகவும், இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்தால் ஆளைக் கூட்டி வருவதாகவும் ஒரு புரோக்கர் சொல்கிறார். கம்பெனிகள் எதைப் பார்த்து இடம் எடுக்கின்றன?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். இடம் தேடும் செலவு வாங்குகிறவருடையது. அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் செலவழித்தாலே, அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நீங்களே விடை தேடி வைத்துவிடலாம்.

முதல் கேள்வி மண்ணைப் பற்றியது அல்ல, கரன்ட்டைப் பற்றியது. டேட்டா சென்டர் என்பது இணையத் தகவல்களைச் சேமித்து இயக்கும் சர்வர் கணினிகள் இருக்கும் கட்டடம். அந்த சர்வர்களுக்கு மட்டும் 20 மெகாவாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். குளிரூட்டல், யுபிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்தால் 30 மெகாவாட்டை நெருங்கும். தெருவில் போகும் 11 கேவி (கிலோவோல்ட்) லைன் இதற்குக் காணாது. 110 கேவி வேண்டும். அதுவும் இரண்டு லைன், முடிந்தால் இரண்டு வெவ்வேறு சப்ஸ்டேஷன்களிலிருந்து. "பக்கத்திலேயே சப்ஸ்டேஷன் இருக்கிறதே" என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அங்கே டிரான்ஸ்ஃபார்மரில் மிச்ச லோடு இருக்க வேண்டும், புது லைன் கிளம்ப ஒரு பே, அதாவது லைனை இணைக்கும் இடம், காலியாக இருக்க வேண்டும். இரண்டும் இருந்தாலும் லைன் யார் யார் நிலத்தைத் தாண்டி வருகிறது என்பது அடுத்த சிக்கல். நடுவில் ஒருவர் டவர் போட விடமாட்டேன் என்றால் வேலை மாதக்கணக்கில் நின்றுபோகும். அதனால் மின்வாரிய மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில், எந்த சப்ஸ்டேஷன், எத்தனை கேவி, எவ்வளவு லோடு தர இயலும் என்று விசாரியுங்கள். சாதகமான பதில் எழுத்தில் கிடைத்தால், நிலத்தின் மதிப்பே மாறும்.

கரன்ட் போனால் ஜெனரேட்டர். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ மூன்றரை முதல் நான்கு யூனிட் வரும். 30 மெகாவாட்டை 48 மணி நேரம் ஓட்ட நான்கு லட்சம் லிட்டர், அதாவது 20,000 லிட்டர் டேங்கர் இருபது. 2016 வர்தா புயலில் சாய்ந்த மின்கம்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு ஏன் என்று புரியும். ஆகவே உங்கள் நிலத்தில் தண்ணீர் தேங்காதது மட்டும் போதாது. மெயின் ரோட்டிலிருந்து நிலம் வரை டேங்கர் லாரி மழையிலும் வந்தாக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்து வீட்டுச் சுவர்களில் கறை பார்த்து அளந்து, போட்டோ எடுத்து வையுங்கள். அந்த உயரத்தையும் உங்கள் நில மட்டத்தையும் ஒரு சர்வேயரை வைத்து ஒப்பிட்டால் பாதி சந்தேகம் தீரும்.

தண்ணீர் விஷயத்தில் சென்னைக்கென்று ஒரு சிரமம் உண்டு. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் கூலிங் டவரில் ஒரு மெகாவாட் வெப்பத்தை ஆவியாக்கி வெளியேற்ற மணிக்குச் சுமார் 1,500 லிட்டர் தண்ணீர் போகும். நாளைக்கு மூன்று 12,000 லிட்டர் லாரி. 20 மெகாவாட்டுக்கு அறுபது லாரி. உப்பு சேராமல் இருக்க வெளியேற்றும் தண்ணீர் தனி. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஆவியாதலும் மந்தம். 2019 கோடையில் ஏரிகள் வற்றியதைப் பார்த்த ஊரில் இதை எவரும் நம்பி இறங்கமாட்டார்கள். எனவே பலர் காற்றால் குளிரும் சில்லர் இயந்திரத்துக்குப் போகிறார்கள். தண்ணீர் மிச்சம், கரன்ட் கூடுதல். உங்கள் போர்வெல் ஊற்றைப் பெரிதாகச் சொல்லாதீர்கள். நிலத்தடி நீரை நம்பி வரும் திட்டம் ஊராருக்கும் நல்லதல்ல.

ஃபைபரில், அதாவது இணையத் தகவல் போகும் கண்ணாடி இழை கேபிளில், சென்னைக்குப் பலம் அதிகம். மும்பைக்கு அடுத்தபடி கடலடி கேபிள்கள் கரையேறும் ஊர் இது. சிங்கப்பூரிலிருந்து ஐ2ஐ கேபிள் 2002-லேயே வந்துவிட்டது. ஆனால் உங்கள் நிலத்துக்கு இரண்டு தனித்தனிப் பாதையில் ஃபைபர் வர வேண்டும். இரண்டு கம்பெனி கேபிள் ஒரே பள்ளத்தில் கிடந்தால் அது ஒரு பாதைதான். வடிகால் தோண்டும் ஜேசிபி ஒரே வெட்டில் இரண்டையும் அறுத்துவிடும். ஓஎம்ஆர் பக்கம் ஒன்று, ஜிஎஸ்டி ரோடு பக்கம் சுற்றி ஒன்று என்று காட்ட முடிந்தால் நல்லது.

மண் பரிசோதனை அவர்களே செய்வார்கள். சர்வர் அடுக்கு ஒன்று ஒரு டன்னுக்கு மேல் இருக்கும் என்பதால் களிமண் என்றால் பைல் (ஆழத்தில் இறக்கும் அஸ்திவாரத் தூண்) போட வேண்டும், செலவு ஏறும், அவ்வளவே.

பேப்பர்தான் கடைசியில் கவிழ்ப்பது. பட்டா, முப்பது வருட வில்லங்கம், எல்லா வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு சர்வே எண்ணின் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) வாங்குங்கள். அதில் வாய்க்கால், ஓடை என்று கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். தரையில் இன்று தூர்ந்துபோய் அடையாளமே தெரியாவிட்டாலும், வாங்குகிறவரின் வக்கீல் முதலில் விரல் வைக்கும் கோடு அதுதான். இருந்தால் மறைக்காமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தை விட்டுக் கட்டட வரைபடம் போட வழி இருக்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.